அந்தப் பாடத்தைத் தாண்டிப் போகாதீர்கள்: செட்டிநாட்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களே,

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று நம் வட்டாரப் பள்ளிகளில் அறிவியல் எடுக்கும் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் உயிரியல் ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உங்களில் சிலர் என்னிடம் படித்தவர்களாகக்கூட இருக்கலாம்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "ஆச்சி, இந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தல. நீங்களே படிச்சுக்குங்கன்னு சொல்லிட்டாங்க" என்றாள். பார்த்தால் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்'. அடுத்து ஒரு கேள்வி கேட்டாள். அதை அவள் ஏதோ ஒரு வீடியோவில் கேட்டிருக்கிறாள். "ஒரு சிற்றினம் இன்னொரு சிற்றினமா மாறுனதை யாராச்சும் கண்ணால பாத்திருக்காங்களா?"

"சிற்றினம்னா என்ன, சொல்லு பாப்போம்" என்றேன். தங்களுக்குள் இணைந்து, இனப்பெருக்கத் திறன் உள்ள சந்ததிகளைத் தரும் உயிரினக் கூட்டம் என்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். எனக்கு வருத்தமாக இருந்தது. அவள் தப்பாகச் சொல்லவில்லை. அதே இரண்டு வரியை நானும் முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதிப்போட்டு, அடிக்கோடிட்டு, "அஞ்சு மார்க் கேள்வி" என்று சொல்லி நகர்ந்திருக்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கான விடை, அந்த இரண்டு வரி எங்கெங்கே பொருந்தாமல் போகிறதோ அங்கேதான் இருக்கிறது. நாம் நடத்தாமல் விடுவதும் அந்த இடத்தைத்தான்.

அவளை உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியை எடுத்துவரச் சொன்னேன்.

கடுகிலிருந்து தொடங்கினேன். நாம் தாளிக்கிற கடுகு பெரும்பாலும் பிராசிக்கா ஜன்சியா. அதன் செல்லில் 36 குரோமோசோம்கள், அதாவது மரபுத் தகவலைத் தாங்கும் இழைகள். பிராசிக்கா நைக்ரா என்ற கருங்கடுகுக்கு 16. டர்னிப், சீன முட்டைக்கோஸ் எல்லாம் சேர்ந்த பிராசிக்கா ராப்பாவுக்கு 20. பதினாறையும் இருபதையும் கூட்டச் சொன்னேன். கூட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நம் சமையலறைக் கடுகு அந்த இரண்டு செடிகளும் கலந்து பிறந்தது. 1935-ல் நாகஹாரு ஊ என்ற ஆய்வாளர் இந்த உறவைத் துலக்கினார். அந்தக் குடும்பத்தின் படத்துக்கு இன்றும் 'ஊ முக்கோணம்' என்றே பெயர்.

இது எப்படி நடக்கும் என்பதுதான் வகுப்பில் நேரம் செலவழிக்க வேண்டிய இடம். ஒரு பக்கத்திலிருந்து 10 குரோமோசோம், மறுபக்கத்திலிருந்து 8. பிறந்த கலப்புச் செடியில் மொத்தம் 18. அவற்றுக்குச் சரியான ஜோடி கிடையாது. ஜோடி சேர முடியாவிட்டால் நல்ல மகரந்தமும் சூலும் உருவாகாது. அதனால் செடி கிட்டத்தட்ட மலடு. எப்போதோ செல் பிரிகையில் ஒரு பிசகு நேர்ந்து, பதினெட்டும் இரட்டித்து 36 ஆகிவிட்டால், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி வந்துவிடும். செடி காய்க்கும், விதை முளைக்கும். ஆனால் தாய்ச் செடியோடோ தந்தைச் செடியோடோ திரும்பக் கலந்தால் கணக்கு மறுபடி இடிக்கும். பெற்றோரிடமிருந்து இனப்பெருக்கத்தில் பிரிந்துபோன ஒரு புதுக் கூட்டம் அங்கே வந்துவிட்டது. அவள் ஒப்பித்த வரையறையின்படியே அது புதுச் சிற்றினம். இதே கலப்பைச் சோதனைச் சாலையிலும் செய்து, கடுகைப் புதிதாக உண்டாக்கியிருக்கிறார்கள்.

வயல்வெளியிலும் இது நடந்தது. ஐரோப்பாவிலிருந்து டிராகோபோகன் என்ற செடியின் மூன்று சிற்றினங்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தன. அங்கே அவை கலந்து, குரோமோசோம் இரட்டித்து, இரண்டு புதுச் சிற்றினங்கள் உருவாகிவிட்டதை 1950-ல் மரியன் ஓன்பி என்ற தாவரவியலாளர் எழுதினார். அதற்கு முன் அவை உலகில் எங்கும் பதிவாகவில்லை. 'கண்ணால் பார்த்தார்களா' என்ற கேள்விக்கு இதுவே போதும்.

ஆனால் அந்தப் பெண் விடவில்லை. அவள் கெட்டிக்காரி. "கடுகு கடுகாத்தானே இருக்கு ஆச்சி?" என்றாள். இந்த விவாதத்தின் முடிச்சு முழுக்க இந்தக் கேள்வியில் இருக்கிறது. உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கேள்வி வகுப்பில் வந்தால் அடக்கிவிடாதீர்கள்.

பள்ளியில் பரிணாமம் நடத்தலாமா என்ற சண்டை அமெரிக்காவில் நூறு வருடமாக நீதிமன்றம் வரை நடக்கிறது. 1925-ல் டென்னசி மாநிலத்தின் டேய்ட்டன் என்ற சிற்றூரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் போட்டார்கள். 1987-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், உயிர்களைக் கடவுளே படைத்தார் என்னும் படைப்புவாதத்தை அறிவியல் பாடமாக வைக்கச் சொல்லும் சட்டம் செல்லாது என்றது. 2005-ல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கிலும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்பது வேறு பெயரில் வந்த படைப்புவாதமே என்று தீர்ப்பானது. இதெல்லாம் அவர்கள் ஊர்க் கதை. அதில் நமக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். கடவுள் ஒவ்வொரு சிற்றினத்தையும் தனித்தனியே படைத்தார், அவை மாறாது என்பதுதான் பழைய வாதம். உயிர்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் தொடக்கத்தில் அப்படித்தான் நம்பினார். பிறகு தானே செடிகளில் கலப்புகளைப் பார்த்து, கடைசிக் காலத்தில் அந்தப் பிடியைத் தளர்த்திக்கொண்டார். சிற்றினம் மாறுவது கண்முன்னே தெரிந்துவிட்ட பிறகு, இன்றைய படைப்புவாதிகள் பலர் எல்லைக் கோட்டைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். 'வகை' என்று பைபிளில் வரும் சொல்லை எடுத்துக்கொண்டு, வகைக்குள் எவ்வளவு மாற்றமும் வரலாம், வகை விட்டு வகை மாறாது என்கிறார்கள். 1941-ல் ஃபிராங்க் மார்ஷ் என்பவர் இதற்கு 'பாராமின்' என்று ஒரு பெயரே கட்டினார். அந்த வகை எவ்வளவு பெரியது? சில நேரம் நெருங்கிய சிற்றினங்கள் சேர்ந்த பேரினம் அளவு, சில நேரம் பல பேரினங்கள் சேர்ந்த ஒரு குடும்பம் அளவு. மாற்றத்துக்குச் சான்று வரவர, வகையின் வேலி அகலமாகிக்கொண்டே போகிறது. இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு உடனே புரிந்தது.

உண்மையில் தடுமாறுவது நம் கண். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் மூன்றையும் சந்தையிலிருந்து வாங்கி மேசையில் வையுங்கள். மூன்றும் ஒரே சிற்றினம், பிராசிக்கா ஒலரேசியா. பக்கத்தில் கருங்கடுகையும் நம் கடுகையும் ஒரு சிட்டிகை வையுங்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் அவை இரண்டும் வேறு வேறு சிற்றினம். அரை மணி நேரம், கொஞ்சம் செலவு. எந்தப் பிள்ளையும் மறக்காது.

இப்போது கல்பாசிக்கு வருகிறேன். இது எனக்குச் சொந்தமாக வலிக்கிற விஷயம்.

தொண்ணூறுகளில் ஒரு நாள், சிற்றினத்தின் வரையறையை எழுதிப்போட்டு முடித்திருந்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். அவன் அப்பா கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போகிறவர். "டீச்சர், கல்பாசி எந்தச் சிற்றினம்? பூஞ்சையும் பாசியும் சேர்ந்ததுன்னு நீங்கதான் சொன்னீங்க. அப்ப அது ஒண்ணா, ரெண்டா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை. "பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று சொல்லிவிட்டேன். அவன் உட்கார்ந்தான். அதன் பிறகு என் வகுப்பில் அவன் எதுவுமே கேட்கவில்லை.

அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இது. செட்டிநாட்டுச் சமையலில் கல்பாசி இல்லாத குழம்பைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அந்த வாசனை அப்படி. ஆனால் அது பாசியும் இல்லை, சிலர் சொல்வதுபோலப் பூவும் இல்லை. லைக்கன். பூஞ்சை உடம்பைக் கட்டுகிறது, அதற்குள் குடியிருக்கும் பச்சைப் பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. இரண்டும் பிறப்பால் வெகு தூரத்து உயிர்கள். 1860-களில் சைமன் ஷ்வெண்டனர் என்ற தாவரவியலாளர் இதைச் சொன்னபோது, லைக்கன்களையே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவர்கள் பலர் கோபப்பட்டார்கள். நாம் கல்பாசிக்கு வைத்திருக்கும் பார்மோட்ரீமா என்ற பெயர், பெயரிடும் விதிகளின்படி பூஞ்சைக்கு மட்டும் உரியது. உள்ளே இருக்கும் பாசிக்கு வேறு பெயர். கடையில் வாங்கும் ஒரு கைப்பிடிக் கல்பாசியில் ஒன்றுக்கு மேற்பட்ட லைக்கன் இனங்கள் கலந்திருப்பதும் சகஜம். ஆக, அந்தப் பையன் கேட்டது மிகச் சரியான கேள்வி. வகுப்பில் அன்றைக்கு யோசித்தவன் அவன் ஒருவன்தான்.

1942-ல் எர்ன்ஸ்ட் மையர் என்ற உயிரியலாளர் வகுத்த வரையறைதான் நாம் எழுதிப்போடுவது. பறவைகளுக்கும் பாலூட்டிகளுக்கும் அது நன்றாகப் பொருந்தும். கலவியே இல்லாமல் இரண்டாகப் பிரிந்து பெருகும் பாக்டீரியாவிடம் அதைக் கொண்டுபோனால் என்ன செய்வது? கோடிக்கணக்கான வருடத்துக்கு முன் கல்லாகிப் போன புதைபடிவம் யாரோடு இணைந்தது என்று யாரைக் கேட்பது? அதனால்தான் உருவத்தை வைத்து, வம்சக் கிளையை வைத்து, வாழிடத்தை வைத்து என்று ஆய்வாளர்கள் வேறு வேறு வரையறைகளையும் கையில் வைத்திருக்கிறார்கள். 1859-ல் வந்த தன் நூலிலேயே டார்வின், எல்லா இயற்கையாளர்களுக்கும் திருப்தி தரும் ஒரு வரையறை சிற்றினத்துக்கு இல்லை என்று ஒப்புக்கொண்டார். அவர் அதை ஒளிக்கவில்லை. நாம்தான் ஒளிக்கிறோம்.

"வரையறையே ஒழுங்காக இல்லையே, அப்புறம் என்ன அறிவியல்" என்று சிலர் கேட்கிறார்கள். நான் கொஞ்சம் நம் வீட்டு வழக்கத்தில் சொல்லிப் பார்க்கிறேன். ஐயா கட்டிய ஒரே வீட்டில் மகன்கள், பேரன்கள் என்று குடும்பம் கிளைக்கிறது. கல்யாணம் ஆனதும் தனிக் குடித்தனமாக வேறு வைக்கிறோம். அதே வீடு, அதே வளவு, உலை மட்டும் தனி. அன்றைக்கு ஒரு புதுப் புள்ளி, அதாவது ஒரு புதுக் குடும்பம், கணக்கில் ஏறுகிறது. நாள் தெரியும், நட்சத்திரம் தெரியும், பாத்திரம் பண்டம்கூடக் கணக்கில் இருக்கும். உயிர்களில் உலை பிரிவதற்குப் பெரும்பாலும் அப்படி ஒரு நாள் கிடையாது. ஆயிரக்கணக்கான தலைமுறையில் மெல்ல மெல்லப் போக்குவரத்து குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றுவிடும். கடுகு மாதிரிச் சில செடிகளில் மட்டும் ஓரிரு தலைமுறையில் நடந்துவிடுகிறது. எல்லாச் சிற்றினங்களும் தனித்தனியாக வார்த்து வைத்தவை என்றால் எல்லைகள் ஆத்தங்குடித் தரைக் கல் பதித்த மாதிரி துல்லியமாக இருந்திருக்க வேண்டும். கிளைத்து வந்தவை என்றால், எந்த ஒரு சமயத்தில் எட்டிப் பார்த்தாலும் சில குடும்பங்கள் பாதி பிரிந்தும் பிரியாமலும் இருக்கத்தான் செய்யும். நாம் காண்பது அதைத்தான்.

குளிர்காலத்தில் நம் புளிய மரங்களிலும் வேப்ப மரங்களிலும் ஒரு சின்னப் பறவை வந்து தங்கும். கதிர்க்குருவி வகை, ஆங்கிலப் பெயர் கிரீனிஷ் வார்ப்ளர். பார்ப்பதைவிடக் குரலைக் கேட்பதே எளிது. அது கூடு கட்டுவது இமயத்திலும் அதற்கு வடக்கே சைபீரியா வரையிலும். திபெத் பீடபூமியை வளைத்து மேற்கே ஒரு வரிசையாகவும் கிழக்கே ஒரு வரிசையாகவும் இந்தக் கூட்டங்கள் பரவியிருக்கின்றன. பக்கத்துப் பக்கத்துக் கூட்டங்களின் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகிறது. இரண்டு வரிசையும் சைபீரியாவில் மறுபடி சந்திக்கும்போது ஒன்றின் பாட்டை மற்றது தன்னுடையதாக எடுத்துக்கொள்வதில்லை, பொதுவாகச் சேர்வதும் இல்லை. பிற்பாடு வந்த மரபணு ஆய்வுகள், அந்தச் சங்கிலியில் இடையிடையே முறிவுகள் இருந்ததையும் காட்டின. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூடு கட்டப் போன இடத்தில் பங்காளிகள் அந்நியராகும் கதையின் ஒரு முனை, நம் ஊர் மரத்தில் உட்கார்ந்து பூச்சி பிடித்துக்கொண்டிருக்கிறது.

பங்காளி என்றதும் குரங்குக் கேள்வி. "குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் குரங்கு ஏன் இருக்கிறது?" சித்தப்பா மகன் உயிரோடு இருக்கும்போது நான் எப்படிப் பிறந்தேன் என்று நம்மில் யாரும் கேட்பதில்லை. சிம்பன்சி நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. இரு கிளைக்கும் பொதுவான மூதாதை பல லட்சம் வருடத்துக்கு முன்னால் வாழ்ந்தது. அந்தக் கேள்விக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

2018-ல் ஒன்றிய இணை அமைச்சர் ஒருவரே, குரங்கு மனிதனாக மாறியதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, ஆகவே டார்வின் சொன்னது தவறு என்றார். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து அதை மறுத்து அறிக்கை விட்டன. 2023-ல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'மரபு' ஆகிவிட்டது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். நம் மாநிலப் பாடநூலில் அந்தப் பாடம் இருக்கிறது. அங்கே வெட்டியெடுத்ததை, இங்கே இருந்தும் நாமே நடத்தாமல் விட்டால் பிள்ளைகளுக்கு என்ன வித்தியாசம்? சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன், பத்தாம் வகுப்போடு அறிவியலை விட்டுவிட்டு வணிகவியலுக்குப் போகும் பிள்ளை இதை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கேட்காமலே போய்விடும். நம் ஊரில் அப்படிப் போகிற பிள்ளைகள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ஏன் தாண்டிப் போகிறீர்கள் என்றும் எனக்குத் தெரியும். சாமி இல்லை என்று சொல்லிக்கொடுப்பதாகப் பெற்றோர் வந்து நிற்பார்களோ என்ற பயம். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் கொப்புடையம்மனைக் கும்பிடுகிறவள். காலையில் சிவபுராணம் சொல்லாமல் காபி குடிக்க மாட்டேன். பரிணாமம் பற்றி நமக்கு இவ்வளவு கற்றுத்தந்த தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கியும் கடவுளை நம்பியவர்தான். கடுகின் குரோமோசோமை எண்ணிய பிறகு என் பக்தி ஒரு துளியும் குறையவில்லை. பெற்றோரிடம் தைரியமாக இதைச் சொல்லலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது எனக்கு அதிகக் கவலை தருகிறது. "இதெல்லாம் சிவபுராணத்திலேயே இருக்கிறது, தசாவதாரத்திலேயே இருக்கிறது" என்று முடித்துவிடுகிற வழக்கம். சிவபுராணத்தில் புல்லிலிருந்து தேவர் வரை மாணிக்கவாசகர் அடுக்குவது ஓர் உயிர் பிறந்து பிறந்து இளைத்த கதை, வீடுபேற்றுக்கான ஏக்கம். தொல்காப்பியம் ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரித்தது அருமையான வகைப்பாடு, அதைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது என்று அது சொல்லவில்லை. திருவாசகத்தை டார்வினுக்குச் சாட்சி சொல்ல இழுத்தால் இரண்டையும் சரியாகப் படிக்காதவர்களாகிவிடுவோம்.

'இனம்' என்ற சொல்லையும் கவனமாகப் புழங்குங்கள். நாம் சொந்தபந்தத்தையும் இனம் என்கிறோம், சமூகத்தையும் இனம் என்கிறோம். கோழியைப் பார்த்து "இது என்ன ஜாதி?" என்று கேட்கிறோம். தங்களுக்குள் மட்டும் இணைவது சிற்றினம் என்று சொன்னதும், தங்களுக்குள் மட்டும் சம்பந்தம் பண்ணுகிற மனிதர்களின் நினைப்பு ஒரு பிள்ளைக்காவது வரும். அங்கேயே நிறுத்திச் சொல்லிவிடுங்கள்: உலகத்து மனிதர் அத்தனை பேரும் ஒரே சிற்றினம். உடம்புக்குள் அதற்கு மேல் ஒரு வேலி கிடையாது. கோழியிலேயே அந்த வேலி ஓட்டைதான். நாட்டுக்கோழியின் முதன்மையான மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் அதன் மஞ்சள் தோலுக்கான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் இருக்கும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் கண்டுபிடித்தார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தப் பாடத்துக்கு மூன்று பீரியட் ஒதுக்குங்கள். வரையறையை எழுதிப்போடுங்கள், உடனே அது பொருந்தாத இடத்தையும் காட்டுங்கள். கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லி மறுநாள் தேடிவந்து சொல்லுங்கள். முடிந்தால் பறவைகள் கூடும் மாதங்களில் பிள்ளைகளை வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போங்கள். பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமல் இருக்கிற கிராமங்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. அங்கே வயலில் நிற்கும் உண்ணிக்கொக்கைக் காட்டி, இதைச் சில பட்டியல்களில் உலகம் முழுக்க ஒரே சிற்றினமாகவும், வேறு சிலவற்றில் கிழக்கு, மேற்கு என இரண்டாகவும் வைத்திருக்கிறார்கள், நீங்கள் என்றால் எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். பிள்ளைகள் சண்டை போடட்டும்.

என் வீட்டு வளவில் நாற்பது பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றைத் துடைத்து, லென்சு சரிசெய்து வைத்திருக்கிறேன். கல்பாசியை ஊறவைத்து மெல்லிய சீவலாக வெட்டி வைத்தால், வெளுத்த பூஞ்சை இழைகளுக்கு மேலே பச்சை உருண்டைகள் ஒரு வரிசையாகத் தெரியும். சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் உங்கள் வகுப்போடு வாருங்கள். அந்தக் கடைசி பெஞ்சுப் பையனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் ஆகியிருக்கும். எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது தெரிந்தால், அவனையும் வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
காரைக்குடி